வார்டுக்குள் ஓடிய நூல்

ஸ்பின்னிங் மில்லில் பதினொரு வருஷம் ஒர்க் ஸ்டடி பார்த்தவன் நான். கையில் கிளிப் வைத்த அட்டை, கழுத்தில் ஸ்டாப் வாட்ச். நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் இயந்திரங்களின் சந்துக்குள் நின்றுகொண்டு, ஒரு சைடர், அதாவது அந்த இயந்திரத்தைப் பார்க்கும் தொழிலாளி, மணிக்கு எத்தனை அறுந்த இழையை ஒட்டுகிறார், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நொடி ஆகிறது என்று எழுதுவதுதான் பிழைப்பு. மில்லைப் பூட்டினார்கள். நாலு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, கோவைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நிர்வாகப் பிரிவில் சேர்ந்தேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். இங்கே எழுதப்போகும் தவறுகளில் பாதி என்னுடையவை, மீதி யாருடையவை என்று பிரித்துச் சொல்ல முடியாதவை.

சேர்ந்த மூன்றாம் மாதம் மேலிடத்தில் கூப்பிட்டார்கள். "நர்ஸ் பத்தலை, நர்ஸ் பத்தலைன்னு சூப்பரின்டென்டென்ட் மேடம் மாசாமாசம் லெட்டர் குடுக்கறாங்க. நெசமாவே பத்தலையா, இல்ல நேரம் எங்கயாவது வீணாப் போகுதா? நீங்கதான் மில்லுல இதெல்லாம் அளந்தவராச்சுங்களே."

சரி என்றேன். 25 படுக்கை உள்ள ஆண்கள் மெடிக்கல் வார்டு. காலை டியூட்டியில் 5 நர்ஸ். முதல் நாள் பழைய ஸ்டாப் வாட்ச்சைத் துடைத்து மாட்டிக்கொண்டு, காலை ஏழரைக்கு நர்சிங் ஸ்டேஷன் ஓரமாகப் போய் நின்றேன். மில்லில் நின்ற அதே நிற்பு.

அன்றைக்கு யாரும் டீ குடிக்கவில்லை. உட்காரவும் இல்லை. எப்போதும் பத்தரை மணிக்குக் கையலம்பும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றபடி இரண்டு வாய் டீ குடிக்கும் மூத்த சிஸ்டர்கூட, என்னைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டுப் போனார். என் தாளில் சொந்த நேரம் என்ற கட்டம் மூன்று நாளும் பூஜ்யமாகவே இருந்தது. ஆறரை மணி நேரம் ஒருவர் தண்ணீர் குடிக்காமல், கழிப்பறை போகாமல் வேலை செய்தார் என்று ஒரு தாள் சொன்னால், அந்தத் தாளை நம்பக்கூடாது. அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாத்தார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளுக்குப் பிறகு இதற்கு ஹாத்தார்ன் விளைவு என்று ஒரு பெயரே நிலைத்துவிட்டது. பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தால் ஆள் மாறிவிடுவார். மில்லில் பாடமாகச் சொல்லித் தந்ததை வார்டுக்கு வந்ததும் மறந்துவிட்டேன்.

ஆனால் என்னைக் கவிழ்த்தது அது இல்லை. மூன்றாம் நாள் மதியம் சூப்பரின்டென்டென்ட் மேடம் என் அட்டையை வாங்கிப் புரட்டினார். முப்பது வருஷ சர்வீஸ். குரல் உயராது.

"பன்னிரண்டாம் பெட்ல, 9.42க்கு, 'சும்மா நிற்கிறார்'னு போட்டிருக்கீங்களே, என்ன பார்த்தீங்க சார்?"

நினைவு இருந்தது. சிஸ்டர் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பேசாமல், கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நாடி பார்ப்பதென்றால் அரை நிமிஷம். இவர் அதற்கு மேலும் கையை விடவில்லை. டியூட்டி எப்போது முடியும் என்று மணி பார்க்கிறார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அதையும் சொல்லித் தொலைத்தேன்.

மேடம் சிரிக்கவில்லை. "மூச்சு எண்ணிட்டு இருந்திருக்கா. 'உங்க மூச்சை எண்ணப் போறேன்'னு சொன்னா யாரும் இயல்பா மூச்சு விட மாட்டாங்க. அதனால நாடி பார்க்கிற மாதிரியே கையைப் பிடிச்சுக்கிட்டு நெஞ்சைப் பார்த்து எண்ணணும். ஃபர்ஸ்ட் இயர்லயே சொல்லித் தருவோம்."

ஒரு நோயாளியின் நிலைமை சரியப்போவதை முதலில் காட்டுவது பல நேரம் மூச்சின் எண்ணிக்கைதான். வார்டில் அந்தக் காலையில் நடந்த முக்கியமான வேலைகளில் ஒன்றை நான் சோம்பலாகக் கணக்கில் ஏற்றியிருக்கிறேன். ஸ்டாப் வாட்ச்சை அன்றைக்கே மேஜை இழுப்பறையில் போட்டேன். அந்த மூன்று நாள் தாள்களையும் கிழித்தேன்.

அடுத்த முறை தொடங்குவதற்கு முன் மேடமும் நானும் உட்கார்ந்து சில விஷயங்களை முடிவு செய்தோம். வேறு மருத்துவமனையில் யாராவது இதைச் செய்யப்போகிறீர்கள் என்றால், இங்கிருந்து தொடங்குங்கள். எங்கள் மூன்று நாள் உங்களுக்கு மிச்சம்.

முதலாவது, ஆளை அளப்பதில்லை, வார்டை அளப்பது. தாளில் நர்ஸ் பெயர் இருக்காது, எண்கூட இருக்காது. இதை வார்டில் எல்லோர் முன்னாலும் மேடமே சொன்னார். நான் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். இரண்டாவது, பார்த்து எழுதுகிறவர் நர்ஸாக இருக்க வேண்டும், ஆனால் அதே வார்டு நர்ஸாக இருக்கக்கூடாது. மகப்பேறு பிரிவிலிருந்து இரண்டு பேரை ஒரு வாரத்துக்கு விடுவித்துக் கொடுத்தார்கள். மூன்றாவது, ஸ்டாப் வாட்ச் கிடையாது, ஸ்னாப் ரீடிங்.

ஸ்னாப் ரீடிங் எங்கள் மில்காரர்களின் சொத்து. 1930களில் லங்காஷயர் பருத்தி ஆலைகளுக்காக டிப்பெட் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் உருவாக்கிய முறை. ஒரு ஆளையே நாள் முழுக்கத் துரத்த வேண்டாம். முன்கூட்டித் தெரியாத ஒரு நேரத்தில் சுற்றி வர வேண்டும். கண்ணில் பட்ட அந்த நொடியில் ஒவ்வொருவரும் என்ன செய்கிறார் என்று ஒரு கோடு போட வேண்டும். போய்விட வேண்டும். புகைப்படம் எடுப்பதுபோல. நூறு கோட்டில் இருபது கோடு எழுத்து வேலையில் விழுந்தால், நேரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எழுத்து வேலைக்குப் போகிறது என்று பொருள்.

எத்தனை கோடு வேண்டும்? பாடப் புத்தகக் கணக்குப்படி, பிழை 5 விழுக்காட்டுக்குள் இருக்கவும் 95 விழுக்காடு நம்பிக்கை வைக்கவும், எவ்வளவு மோசமான நிலையிலும் 384 பார்வை போதும். 5 நர்ஸ், ஒரு காலையில் 12 சுற்று, 7 நாள். மொத்தம் 420. காலை டியூட்டிக்கு மட்டும் இது. மாலைக்கும் இரவுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், மூன்றையும் கலந்தால் ஒன்றும் புரியாது. ஏழு நாளில் ஞாயிறும் திங்களும் கட்டாயம் இருக்க வேண்டும். ஞாயிறு வார்டு வேறு, திங்கள் வார்டு வேறு. ஒரு எச்சரிக்கையும் உண்டு. 420 பார்வையில் ஒரு வேலை 10 விழுக்காடு என்று வந்தால், அது 7க்கும் 13க்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த மாதம் 9 ஆகிவிட்டது, முன்னேற்றம் என்று யாராவது படம் போட்டுக் காட்டினால் நம்பாதீர்கள்.

சுற்று வரும் நேரத்தை யாரும் ஊகிக்கக் கூடாது. நிமிஷங்களைச் சீட்டில் எழுதி, காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக் குலுக்கி, தினமும் காலையில் 12 சீட்டு எடுத்தோம். கம்ப்யூட்டரில் ஒரு நொடியில் வந்துவிடும்தான். ஆனால் பாட்டிலைக் குலுக்குவதைக் கண்ணால் பார்த்ததும் வார்டுக்கு ஒரு நம்பிக்கை வந்தது. இரண்டாம் நாளிலிருந்து சீட்டை எடுத்ததே அங்கிருந்த ஆயாம்மாதான்.

வேலைகளை வகை பிரிக்கும்போதுதான் நிஜமான சண்டை. நான் போட்ட பட்டியலில் ஏழு வகை: நோயாளிக்கு நேரடியாகச் செய்வது, மருந்து, எழுத்து, பேச்சு, நடை, காத்திருப்பு, சொந்த நேரம். ஒரு இளம் சிஸ்டர், நாகர்கோவில் பக்கத்துப் பெண், கையைத் தூக்கினார். "தேடுறது எதுல சார் வரும்?"

"என்ன தேடுறது?"

"எல்லாந்தான்."

எட்டாவது வகையாகத் தேடலைச் சேர்த்தோம். இந்த மொத்த வேலையில் எனக்குக் கிடைத்த மிக நல்ல யோசனை அது. என் மண்டையில் உதித்ததல்ல.

நர்ஸ் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்வார் என்பதும் ஒரு சிக்கல். ட்ரிப்ஸ் மாற்றிக்கொண்டே நோயாளியின் மனைவிக்குச் சர்க்கரை ஊசி போடச் சொல்லித் தருவார். கை செய்வதற்குக் கோடு, வாயும் கண்ணும் செய்வதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி என்று வைத்தோம். வாரக் கடைசியில் எண்ணினால், நோயாளியின் பக்கத்தில் விழுந்த கோடுகளில் பாதிக்கு மேல் புள்ளி இருந்தது. எழுத்து வேலைக் கோடுகளுக்கும் புள்ளி உண்டு, ஆனால் அவை முக்கால்வாசியும் போன் பேசியது.

கோடுகள் என்ன சொல்லின? நோயாளியைத் தொட்டுச் செய்யும் வேலையும் மருந்தும் சேர்ந்தே பாதியைத் தாண்டவில்லை. இதில் நாங்கள் ஒன்றும் விசேஷமில்லை. அமெரிக்காவில் 36 மருத்துவமனைகளில் 767 நர்ஸ்களை வைத்து நடந்து 2008இல் வெளிவந்த பெரிய ஆய்வில், எழுத்து வேலைக்கே நேரத்தில் 35 விழுக்காடு போனது. நோயாளிப் பராமரிப்புக்கு 19 விழுக்காடு, மருந்துக்கு 17. அங்கே கம்ப்யூட்டர், தானியங்கி மருந்து அலமாரி எல்லாம் இருந்தும் அந்த நிலை. எங்கள் வார்டில் எழுத்து அந்த அளவு இல்லை. அதன் இடத்தைத் தேடல், நடை, காத்திருப்பு மூன்றும் பிடித்துக்கொண்டிருந்தன. மூன்றையும் கூட்டினால் ஐந்து பேரில் ஒருவரின் முழு நேரம்.

இந்த எண்ணை யாரிடம் எப்படிச் சொல்வது என்று பயந்தேன். அதற்கு முன் வார்டுக்கே காட்ட வேண்டும். விழுக்காட்டுப் பட்டியலைச் சுவரில் ஒட்டினேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதுதான் மில் புத்தி வந்தது.

பராமரிப்புப் பிரிவிலிருந்து வார்டின் வரைபடத்தை 100க்கு 1 என்ற அளவில் வாங்கி, தெர்மோகோல் அட்டையில் ஒட்டினேன். ஒவ்வொரு கட்டில், மருந்து அலமாரி, லிஃப்ட், அழுக்குத்துணி அறை, இன்சார்ஜ் அறை என்று எல்லா இடத்திலும் குண்டூசி. மகப்பேறு வார்டு சிஸ்டர் ஒருவர், சம்மதம் சொன்ன ஒரு நர்ஸைக் காலை ஏழரையிலிருந்து ஒன்றரை வரை பின்தொடர்ந்து, போன இடத்தையெல்லாம் வரிசையாக எழுதினார். சாயங்காலம் நான் மில்லிலிருந்து நினைவுக்காக எடுத்து வந்த 40ஆம் நம்பர் நூல் கோனை எடுத்து, அந்த வரிசைப்படி ஊசிக்கு ஊசி நூலைச் சுற்றினேன். இதை ஸ்ட்ரிங் டயகிராம் என்போம். பழைய வித்தை.

நூல் 47 மீட்டர் பிடித்தது. ஆறு மணி நேரத்தில் 4.7 கிலோமீட்டர். நான் சொன்ன அமெரிக்க ஆய்விலும் பத்து மணி நேர டியூட்டியில் 1 மைல் முதல் 5 மைல் வரை நடந்திருக்கிறார்கள். ஆக, தூரம் ஒன்றும் அதிசயமில்லை. அதிசயம், நூல் எங்கே குவிந்தது என்பது. கட்டில்களுக்கு நடுவே சிலந்தி வலைபோல மெல்லிசாகப் பரவியிருந்தது. இன்சார்ஜ் அறை ஊசியிலும் லிஃப்ட் ஊசியிலும் மட்டும் பந்துபோல் உருண்டு நின்றது.

மறுநாள் டியூட்டி மாறும் நேரத்தில் அட்டையை நர்சிங் ஸ்டேஷன் மேஜைமேல் வைத்தேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நடந்தவர் நூலை விரலால் தடவிவிட்டு, "இன்சார்ஜ் ரூமுக்கு நான் இத்தனை வாட்டியா போனேன்?" என்றார். பக்கத்தில் நின்ற இன்சார்ஜ் சிஸ்டருக்கு முகம் மாறியது. குளுக்கோமீட்டர் வார்டுக்கு ஒன்றே ஒன்று. அதன் ஸ்ட்ரிப் விலை கூடுதல், காணாமல் போகிறது என்பதால் அவர் தன் அறையில் பூட்டி வைத்திருந்தார். காணாமல் போனால் அவர்தான் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். வார்டில் பாதிப்பேர் சர்க்கரை நோயாளிகள். சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொருவருக்கும் பார்க்க, மீட்டருக்கு ஒரு நடை, ஸ்ட்ரிப்புக்கு ஒரு நடை, சாவிக்கு ஒரு நடை. சாவி இன்சார்ஜ் பாக்கெட்டில், இன்சார்ஜ் டாக்டருடன் ரவுண்ட்ஸில்.

இதைத் தீர்க்க ஒரு ரிப்போர்ட்டும் வேண்டியிருக்கவில்லை. இன்னும் இரண்டு குளுக்கோமீட்டர், மூன்று தட்டு, ஒவ்வொரு தட்டிலும் எண்ணி வைத்த ஸ்ட்ரிப். குறைந்தால் ஸ்டோர் கணக்கு, இன்சார்ஜ் பொறுப்பில்லை என்று ஒரு சுற்றறிக்கை. அந்தக் கடைசி வரிதான் முக்கியம். அது வராமல் பத்து மீட்டர் வாங்கித் தந்திருந்தாலும் பத்தும் அதே அலமாரிக்குள்தான் போயிருக்கும். பூட்டி வைப்பவருக்கு ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தை எடுக்காமல் பூட்டை எடுக்க முடியாது. (போதை மருந்து அலமாரி வேறு கதை. அதன் சாவி ஒருவர் பொறுப்பில்தான் இருக்க வேண்டும், அதில் நாங்கள் கை வைக்கவில்லை.)

லிஃப்ட் ஊசியில் உருண்ட பந்து மருந்தகத்தால் வந்தது. டாக்டர் எழுதுவார், நர்ஸ் மருந்து கேட்டு இண்டென்ட் சீட்டு போடுவார், மருந்து வராது, போன் செய்வார், "ஸ்டாக் இல்லைங்க சிஸ்டர், வேற கம்பெனி குடுக்கட்டுங்களா" என்பார்கள், டாக்டரைத் தேடிக் கேட்பார், மறுபடி போன். கடைசியில், வார்டு பாய் இல்லாத நேரத்தில், நர்ஸே லிஃப்ட்டில் இறங்கிப் போவார். நோயாளி வீட்டுக்குப் போகும்போது மிச்ச மருந்தை எண்ணித் திருப்பிக் கட்டுவதும் நர்ஸ்தான். இது எதுவும் மருந்தகத்தின் கணக்கில் தாமதமாகத் தெரியாது. அவர்கள் தாளில் இண்டென்ட் வந்த நேரமும் கொடுத்த நேரமும்தான் இருக்கும். ஒரு துறையின் வேலை இன்னொரு துறையின் நேரத்தில் நடக்கிறது என்பதை அந்த நூல்தான் காட்டியது.

மருந்தாளுநர் ஒருவர் முந்தைய மாலையே வார்டுக்கு வந்து, அடுத்த 24 மணி நேர மருந்தை நோயாளிவாரியாகத் தட்டில் அடுக்குவது என்று ஏற்பாடானது. இதற்கு ஐந்து கூட்டம் ஆயிற்று, அதன் கதையை விட்டுவிடுகிறேன். டிஸ்சார்ஜ் மருந்தைத் திருப்புவதும் அவர் கைக்குப் போனது.

எழுத்து வேலையில் ஒரு காட்சி. ஒரு சிஸ்டர் ஆறு பேருக்கு வரிசையாக பிபி, நாடி, காய்ச்சல் பார்த்தார். எதையும் சார்ட்டில் எழுதவில்லை. யூனிஃபார்ம் பாக்கெட்மேல் ஒட்டியிருந்த வெள்ளை பிளாஸ்திரித் துண்டில் பேனாவால் எழுதினார். ஆறு பேரும் முடிந்ததும் ஸ்டேஷனுக்கு வந்து துண்டைப் பிய்த்து மேஜையில் ஒட்டி, அதிலிருந்து டிபிஆர் சார்ட்டில் (காய்ச்சல், நாடி, மூச்சு எழுதும் தாள்) ஏற்றினார். பிறகு கேஸ் ஷீட்டில் நர்ஸ் குறிப்பு. பிறகு கம்ப்யூட்டர். ஒரே எண் நாலு முறை. இதற்கு நடுவே கூப்பிட்டால் எழுந்து போய்விட்டு வருவார், துண்டில் 138 இருந்தது சார்ட்டில் 128 ஆகலாம். ஏன் நாலு இடம் என்று கேட்டால், "அங்கீகாரத்துக்கு ஆடிட் வருவாங்க சார்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் மேடமும் தரநிலைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை முழுக்கப் படித்தோம். பதிவு இருக்க வேண்டும் என்று இருந்தது. நாலு இடத்தில் இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. ஒவ்வொரு ஆடிட்டுக்கும் பயந்து நாங்களே ஒரு படிவம் சேர்த்து, எதையும் எடுக்காமல் வைத்திருந்தோம். சார்ட்டைக் கட்டிலிலேயே தொங்கவிட்டு, பார்த்த இடத்திலேயே எழுதுவது, கம்ப்யூட்டரில் ஒரு முறை ஏற்றுவது என்று இரண்டாகக் குறைத்தோம். ஒன்றாக்க முடியவில்லை.

இனி நான் சொதப்பியது. மருந்து கொடுக்கும் சுற்றில் ஒரு சிஸ்டரை எத்தனை பேர் நிறுத்துகிறார்கள் என்று ஒரு காலை எண்ணினோம். இருபத்திரண்டு கட்டிலுக்கு 17 தடவை. "ட்ரிப்ஸ் முடிஞ்சுருச்சு சிஸ்டர்", "டாக்டர் எப்ப வருவார் சிஸ்டர்", "பில்லு ரெடியா சிஸ்டர்", போன், லேப் பையன். இது வெறும் நேர நஷ்டம் இல்லை. சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் 4,271 முறை மருந்து கொடுத்ததைப் பார்த்து 2010இல் வெளிவந்த ஆய்வில், ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருந்துத் தவறுகள் சுமார் 12 விழுக்காடு கூடின. நான் உடனே மஞ்சள் மேலங்கி தைக்கச் சொன்னேன். முதுகில் "மருந்து நேரம், பேச வேண்டாம்." மேடம் வேண்டாம் என்றார், கேட்கவில்லை.

முதல் நாளே ஒரு பெரியவர், "ரோட்டு வேலையும் நீங்கதானுங்களா கண்ணு?" என்று கேட்டுவிட்டார். சித்திரை மாதம், ஏசி இல்லாத வார்டு, பாலியஸ்டர் துணி. ஒன்பதாம் நாள் மேலங்கிகள் அழுக்குத்துணி அறையில் போய்ச் சேர்ந்தன, திரும்பி வரவே இல்லை. நானும் கேட்கவில்லை. பின்னால் படித்தபோது, ஆஸ்திரேலியாவில் அதே ஆய்வாளர்கள் இதுபோன்ற மேலங்கியைச் சோதித்து 2017இல் வெளியிட்டதையும், குறுக்கீடு ஓரளவு குறைந்தாலும் புழுக்கமாக இருக்கிறது என்று நர்ஸ்கள் சொன்னதையும், நிரந்தரமாக வைக்கலாம் என்றவர்கள் பாதிக்கும் குறைவு என்பதையும் பார்த்தேன். கோவை வெயிலில் இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமே இல்லை.

எங்களுக்குப் பலித்தது சாதாரணமானது. எட்டிலிருந்து ஒன்பது வரை வார்டு போனை ரிசப்ஷனுக்குத் திருப்பிவிட்டோம். மருந்து கொடுக்காத ஒரு நர்ஸ் அந்த ஒரு மணி நேரம் எல்லா அழைப்பையும் பார்ப்பார். பில் எந்த நிலையில் இருக்கிறது, இன்சூரன்ஸ் ஒப்புதல் வந்ததா என்பதை பில்லிங் பிரிவே உறவினருக்கு நேராக போன் செய்து சொல்லும். "எப்ப விடுவாங்க சிஸ்டர்" என்ற கேள்விக்கு நர்ஸிடம் என்றைக்குமே பதில் இருந்ததில்லை. பதில் இல்லாதவரிடமே நாள் முழுக்க எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு ஓட்டை என் அளவையிலேயே இருந்தது. சீட்டுக் குலுக்கல் இரண்டு மணியோடு முடிந்துவிடும். காலை டியூட்டி சிஸ்டர்கள் கிளம்புவதோ ரெண்டேமுக்காலுக்கு. விட்டுப்போன நர்ஸ் குறிப்புகளை டியூட்டி முடிந்த பிறகுதான் உட்கார்ந்து எழுதுகிறார்கள். அந்த நேரத்துக்குச் சம்பளமும் இல்லை, என் தாளில் கோடும் இல்லை. எழுத்து வேலை எங்கள் வார்டில் குறைவு என்று மேலே சொன்னேன் அல்லவா? அதில் ஒரு பங்கு கணக்குக்கு வெளியே ஒளிந்திருந்தது. எப்போது அளந்தாலும் டியூட்டி நேரத்தோடு நிறுத்தாதீர்கள், கடைசி ஆள் பையை எடுக்கும்வரை அளங்கள்.

பயந்த நாளும் வந்தது. மேலிடத்தில் கணக்கைக் காட்டினேன். அங்கிருந்த நிர்வாகி கேட்டார்: "தேடல், நடை, காத்திருப்பு மூணும் சேர்ந்தா ஒரு ஆளு. அதைச் சரி பண்ணிட்டா காலையில நாலு பேர் போதுமில்லீங்க?"

மேடம் தயாராக வந்திருந்தார். இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு, போதனா மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனையில் 5 நோயாளிக்கு ஒருவர். அதற்கு மேல் விடுப்புக்கென்று 30 விழுக்காடு கூடுதல். "25 பெட்டுக்கு அஞ்சு பேர் சார். ஒருத்தரும் லீவு போடாத நாள்ல நாம அந்த விளிம்புல நிக்கிறோம். லீவுக்கான ஆள் நம்மகிட்ட இல்லவே இல்லை."

நான் மில் பாஷையில் சொன்னேன். ஒரு சைடர் பல ஃப்ரேம் பார்க்கும்போது, இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் இழை அறுந்தால் ஒன்று காத்திருக்கத்தான் வேண்டும். அதற்கு மிஷின் இன்டர்ஃபியரன்ஸ் என்று பெயர். ஆளுக்கு வேலைப்பளு கூடக்கூட இந்தக் காத்திருப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறாது, ஒரு கட்டத்துக்கு மேல் தாவும். மில்லில் காத்திருந்தால் கொஞ்சம் பஞ்சு கழிவாகப் போகும், பொறுக்கிக்கொள்ளலாம். இங்கே ஒரே நேரத்தில் இரண்டு மணி அடித்தால் காத்திருப்பது யார்? நூறு விழுக்காடு வேலையில் இருக்கும் நர்ஸ், இரண்டாவது மணிக்கு வர முடியாத நர்ஸ்.

பேசிவிட்டு நான் பெருமையாக உட்கார்ந்தேன். ஆனால் நிர்வாகி ஒத்துக்கொண்டது அதனால் அல்ல என்று பிறகு தெரிந்தது. அந்த வாரம்தான் இரண்டு நர்ஸ்கள் வெளிநாட்டு வேலை கிடைத்து ராஜினாமா கொடுத்திருந்தார்கள். புதிதாக ஆள் எடுத்துப் பழக்க என்ன செலவாகும் என்று ஹெச்.ஆர். கணக்கு அவர் மேஜையில் இருந்தது. எதனாலோ, ஆள் குறைப்பு பேச்சோடு நின்றது. அது நிற்காமல் போயிருந்தால் அடுத்த வார்டில் ஒரு நர்ஸும் எனக்கு உண்மையான கோடு போட விட்டிருக்க மாட்டார்.

ஐந்து மாதம் கழித்து மறுபடி பாட்டிலைக் குலுக்கினோம். தேடல் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்திருந்தது. நடை கொஞ்சம், எழுத்து கொஞ்சம். காத்திருப்பு அப்படியே. லிஃப்ட்டை நான் என்ன செய்ய? சொந்த நேரம் என்ற கட்டத்தில் முதல் தடவையாக ஒழுங்காகக் கோடுகள் விழுந்திருந்தன, அதுவும் பத்தரை மணியை ஒட்டி. மேலிடத்துக்குப் போன தாளில் அந்தக் கட்டத்தை மறைக்கலாமா என்று யோசித்தேன். மேடம் மறைக்க வேண்டாம் என்றார். மறைக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

தெர்மோகோல் அட்டை இன்னும் அந்த நர்சிங் ஸ்டேஷன் அலமாரிமேல்தான் இருக்கிறது. ஓரம் உடைந்து, நூலில் தூசி படிந்து கிடக்கிறது. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது, தேடலைச் சேர்க்கச் சொன்ன அதே நாகர்கோவில் சிஸ்டர் நிறுத்தினார். இப்போது அவர்தான் இரவு டியூட்டிக்கு மூத்தவர். ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டுவரை, 25 பேருக்கு இரண்டு பேர்.

"நைட்டுக்கு எப்ப சார் நூல் போடுவீங்க?"

அடுத்த மாதம் என்றேன். கோனில் இன்னும் நூல் இருக்கிறது.